தையல் கடை அட்டைக்கும் ஒரு வணக்கம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணா அவர்களுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே உங்கள் மாப்பிள்ளை நலம், அவருடைய பெட்டியும் நலம். நான் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறேன். தனியாக வருகிறேன், திரும்பிப் போகும் எண்ணமில்லாமல் வருகிறேன். பின்னறையில் கிடக்கும் பழைய சைக்கிளை மட்டும் எடுத்து வெளியே போடச் சொல்லுங்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை ஸ்பீக்கரில் போட்டு, நீங்கள் என்னைக் கேட்பதற்கெல்லாம் அவரே பதில் சொல்லி, "வேற என்ன, வச்சிடவா, வச்சிடறேன்" என்று வைத்தும் விடுவார்.

பயப்படாதீர்கள், அடிதடி ஒன்றும் இல்லை. நல்ல மனுஷர்தான். கேள்வியையும் கேட்டு, பதிலையும் தானே சொல்லி, அதை நான் சொன்னதாகவே நம்பிவிடுகிறார், அவ்வளவுதான். போன மாதம் "கூடத்துக்குப் பச்சை அடிக்கலாமா? அடிக்கலாம்" என்றார். இப்போது கூடம் குளத்துப் பாசி நிறத்தில் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் "அவளுக்குப் பச்சைன்னா உசுரு" என்கிறார். வந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தொழிற்சாலை வாசலில் மாட்டுவதற்காகச் செய்கிறார். ஆட்கள் ஸ்மார்ட் கார்டைச் சொருகினால், பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் அதோடு பேசி, ஆள் சரிதானா என்று பார்த்துக் கதவைத் திறக்க வேண்டும். மைக்ரோகன்ட்ரோலர் என்றால் கம்ப்யூட்டருக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு கறுப்புச் சில்லு. இரண்டும் பேசிக்கொள்ள ஒரே ஒயர்தானாம், பேச்சும் கொத்தாகப் போகாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகுமாம், ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டுமாம். கார்டுக்கு யோசிக்க நேரம் வேண்டுமென்றால் 'கொஞ்சம் பொறு' என்று சொல்ல அதற்கென்றே ஒரு குறி இருக்கிறதாம், அது வந்தால் பெட்டி மறுபேச்சில்லாமல் காத்திருக்க வேண்டுமாம். இவ்வளவையும் சாப்பாட்டு மேஜையில் விளக்கிவிட்டு, "புரிஞ்சுதா? புரிஞ்சுது" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

போன வாரம் பெட்டி வேலை செய்ய ஆரம்பித்தது. தொழிற்சாலை சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து தன் கார்டைச் சொருகினார். 'வணக்கம், உள்ளே வரலாம்' என்று எழுத்து வந்தது, பூட்டு டக்கென்று திறந்தது. "பிரமாதம் சார், வாசல்ல மாட்டிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நான் தூசி தட்டும்போது கையில் தையல் கடை அட்டை இருந்தது. சும்மா இருக்காமல் அதைச் சொருகினேன். வணக்கம், உள்ளே வரலாம். காலண்டர் அட்டையைக் கிழித்துச் சொருகினேன், அதற்கும் வணக்கம். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்படி இருக்காதே" என்று சொன்னவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் என்னவென்றால், பேசுவதும் அந்த ஒயரில்தான், கேட்பதும் அந்த ஒயரில்தான் என்பதால், பெட்டி பேசியது பெட்டியின் காதிலேயே விழுந்திருக்கிறது. அதைக் கார்டின் பதில் என்று எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. "அப்ப கார்டு இத்தனை நாளா ஒண்ணுமே பேசலையா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து, அவர் கேட்டு அவரே பதில் சொல்லாத முதல் கேள்வி அதுதான். "ஆமா, ஒண்ணுமே பேசல" என்றேன். அவர் காதில் விழவில்லை, ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கார்டு பேசவில்லை என்பதற்கு இவ்வளவு வருத்தப்படுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது. உள்ளே போய்த் துணிமணியை மடித்து வைக்க ஆரம்பித்தேன்.

அண்ணிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு என் ஆசி. சைக்கிளை மறந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வந்திறங்கப் போகும் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அவர் அறையிலிருந்து ஓடி வந்தார். பெட்டி பேசி முடித்ததும், காதில் விழும் தன் குரலை ஒதுக்கித் தள்ளிவிட்டு, வாயை மூடிக்கொண்டு கேட்கும்படி மாற்றிவிட்டாராம். கார்டு நிஜமாகவே வாய் திறந்துவிட்டதாம். கேட்ட கேள்விக்கு அது முதலில் சொன்னது 'கொஞ்சம் பொறு' என்பதுதானாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பிறகு சுவரைப் பார்த்தார். "இந்தப் பச்சை உனக்குப் பிடிச்சிருக்கா?" என்றார். கேட்டுவிட்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மயக்கம் கியக்கமோ என்று பயந்து "என்னங்க?" என்றேன். "நீ சொல்லு, கேட்டுட்டிருக்கேன்" என்றார். இத்தனை வருஷம் சேர்த்து வைத்த பதிலெல்லாம் தொண்டை வரை வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. "கொஞ்சம் பொறுங்க" என்றேன். தலையாட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். இதை எழுதும்போதும் உட்கார்ந்திருக்கிறார். சைக்கிள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் அண்ணா. நீங்களும் கொஞ்சம் பொறுங்கள்.