காலிப்பெட்டியார் போட்ட பந்தி

காரைக்குடி சரக்கு யார்டில் காலிப்பெட்டியாரைப் போல ஆபத்தை அறிந்தவர் பிறந்ததுமில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. யார்டு வாசலில் இட்லிக்கடை போட்டவள் நான். எனக்குப் படிப்பு கையெழுத்தோடு சரி. ஆனால் ஆளை எடைபோடத் தெரியும்.

சரக்கு ரயிலில் பெட்டிகளை வரிசைப்படுத்திக் கோப்பது அவர் வேலை. பெட்ரோல் டாங்கியை இன்ஜினுக்கு ஒட்டி விடமாட்டார், கடைசியில் கார்டு உட்காரும் பெட்டிக்கு ஒட்டியும் விடமாட்டார்; தீப்பற்றினால் ஆள் தப்பாதாம். "நடுவுல காலிப்பெட்டியக் கொண்டா!" என்று அவர் போடும் சத்தம் செக்காலை வரை கேட்கும். பெயர் வந்தது அப்படித்தான். ஒருநாள் என் கடைக்குள் நுழைந்து சிலிண்டரை அங்குட்டும் அடுப்பை இங்குட்டும் நகர்த்தி, "நடுவுல நீ உக்காரு தங்கச்சி" என்றார்.

"அப்ப நான் காலிப்பெட்டியாண்ணே?"

"ஒன் வாய்க்கு ஒன்னையும் டாங்கியிலதான் சேக்கணும். வேற ஆளில்ல, உக்காரு."

என் மகள் கல்யாணம் வந்தது. என் தம்பியும் கொழுந்தனும் பார்த்தாலே பற்றிக்கொள்பவர்கள். முன்பு ஒரு காதுகுத்தில் சாம்பார் வாளி பறந்தது. அதைக் கேள்விப்பட்ட சம்பந்தி, "காலைப் பந்தியில சத்தம் கேட்டா, தாலி கட்டாமக் கெளம்பிருவோம்" என்று சொல்லிவிட்டார். ஒருவரை இரண்டாம் பந்திக்கு நிறுத்தவும் வழியில்லை. தாய்மாமனுக்கும் சித்தப்பனுக்கும் முதல் பந்திதான் மரியாதை.

"அண்ணே, ரெண்டு டாங்கி, ஒரே ரயிலு. என்ன செய்வீக?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"பந்திய எங்கிட்ட விடு."

விசிலோடு வந்தார். சமையற்கட்டுப் பக்கம் இருவரையும் விடவில்லை; வாளி கைக்கு எட்டுமாம். பச்சைக்கொடியை ஆட்டியபடி பின்னால் நடந்து, "வா, வா... நில்லு!" என்று ஒவ்வொருவரையும் இலைக்கு முன் நிறுத்தினார். தம்பிக்கும் கொழுந்தனுக்கும் நடுவே மௌன விரதக்காரி ஒருத்தி, அடுத்து இலையை விட்டுத் தலை நிமிராத புதுவயல் மில்லுக்காரர், மலை மாதிரி.

"யாருடா அவனுக்கு மொத வடை வச்சது?" என்று வாயெடுத்த கொழுந்தன், தம்பியை முறைக்க முன்பக்கமாகச் சாய்ந்தார். மில்லுக்காரரும் பாயசத்துக்காக முன்னால் சாய்ந்தார். கொழுந்தன் பின்னால் சாய்ந்தார். மில்லுக்காரரும் ஏப்பம் விடப் பின்னால் சாய்ந்தார். முறைக்க முகம் கிடைக்காமல், கொழுந்தன் தன் வடையைத் தின்றுவிட்டு எழுந்தார்.

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. நான் நிமிர்ந்து நின்றேன் பாருங்கள், அப்படி!

மணமக்கள் பெரியவர்கள் காலில் விழும் நேரம், காலிப்பெட்டியாரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து முதலில் நிறுத்தினேன்.

"இவரு யாரும்மா ஒங்களுக்கு?" என்றார் சம்பந்தி.

"எனக்கு மூத்தவரு" என்றேன். அந்த மனுஷன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல், எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.