கம்ப்யூட்டருக்கு வேகம் கூட்டிய மருந்து அண்ணாச்சி

சிவகாசியில் கம்ப்யூட்டரைக் கண்டு பயந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்த காலம் அது. கம்ப்யூட்டரையே பயமுறுத்தி வைத்திருந்தவர் மருந்து அண்ணாச்சி ஒருவர்தான்.

பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷம் வெடிமருந்து கலந்துவிட்டு, எங்கள் அச்சகத்துக்கு ரிப்பேர்காரராக வந்தவர். பழைய பழக்கம் மட்டும் போகவில்லை. நான் லேபிள் டிசைன் செய்கிற அறைக்குள் யாரும் செருப்போடு நுழையக்கூடாது. வாசலில் ஒரு செம்புத் தகடு. அதைத் தொட்டு, உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். மூலையில் இரண்டு வாளி மணல் வேறு. பாலியஸ்டர் சட்டை போட்ட பாவத்துக்கு முதலாளியையே ஒருநாள் வெளியே நிறுத்திவிட்டார் மனிதர்!

தீபாவளி சீசன். பட்டாசுப் பெட்டி லேபிள்கள் வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். என் கம்ப்யூட்டரோ அரதப் பழசு. மயிலுக்கு ஒரு தோகை வரைந்து சேவ் கொடுத்தால், டீ குடித்துவிட்டு வந்தாலும் யோசித்துக்கொண்டே இருக்கும். “ஆர்டர் போச்சுன்னா நீ வீட்லயே இருந்துக்கோ தாயி” என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். எனக்கு அழுகை முட்டியது.

“அழாத புள்ள. வேகத்தக் கூட்டிவிடலாம். கூட்டுனா சூடேறும். ரொம்பச் சூடேறுனா கருகிரும். அம்புட்டுதான்” என்றார் அண்ணாச்சி.

“அம்புட்டுதானா? டிசைன் பூராம் அதுக்குள்ளதான இருக்கு!”

“மொதல்ல எல்லாத்தையும் சீடியில ஏத்து. மருந்து கலக்கதுக்கு முன்னால ஆளுகள வெளிய அனுப்பிருவோம்லா?”

மறுநாள் விடிந்ததும் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி, உள்ளே வேகத்தைத் தீர்மானிக்கிற ஜம்பர் என்ற குட்டி இணைப்பை இடம் மாற்றிப் போட்டார். டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராக வைத்தார். ஈரச்சாக்கைப் போர்த்தவும் வந்தார். காலில் விழாத குறையாகத் தடுத்தேன். அடேயப்பா, மயில் பறந்தது!

பத்து மணிக்கு வெயில் ஏறியதும், “நிப்பாட்டு!” என்று ஒரு சத்தம். மருந்து கலப்பதெல்லாம் காலைக் குளிர்ச்சியோடு சரியாம்.

“இன்னும் ஒரே ஒரு லேபிள் அண்ணாச்சி!”

“அந்த ஒரே ஒண்ணுலதான் ஆளுக போயிருக்காக, தாயி.”

அவர் முகத்தில் சிரிப்பில்லை. நான் சேவ் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். அதன்பின் தினமும் காலையில் ஓட்டம், பகலில் ஜம்பரைப் பழைய இடத்தில் மாட்டி ஆமை நடை. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குக் கடைசி லேபிள் முடிந்தது.

முதலாளி வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: “‘பெட்டி கருகுனா என்னைய வேலைய விட்டு அனுப்புங்க, அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீக’ன்னு அவரு பெட்டியக் கழட்டுன அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு, தெரியுமா?”

எனக்குத் தெரியாது. ஓடினேன். அண்ணாச்சி பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

“இனி அது மெதுவாவே போகட்டும். நீ சாப்பிட்டியா?” என்றார்.

“ம்” என்று தலையாட்டிவிட்டு, அவர் கையிலிருந்த ஸ்குருவை வாங்கி முடுக்கினேன். அன்றைக்கு நிலைத்த வேலையில்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன். நீங்க நல்லா இருக்கணும், அண்ணாச்சி.