கொடி பிடித்த அப்பா

"அப்பா, இன்னிக்கு ஃபைனலுக்கு நீங்க வர வேணாம்."

மகள் இதை ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். பதினான்கு வயதுப் பிள்ளைகள் பெரிய விஷயங்களை இப்படித்தான் சொல்வார்கள். முகத்தைப் பார்த்துச் சொன்னால் மனசு மாறிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, நான் என்ன பண்ணேன்?"

வீட்டிலிருந்த மூன்று பேரில் அவர் ஒருவருக்குத்தான் அது தெரியாது.

அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். மின்சாரம் போய் மைக் செத்துவிட்டாலும் அவர் குரல் கடைசி நடைமேடை வரைக்கும் தடையில்லாமல் போகும். வீட்டுக்கு வந்தால் குரலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா என்ன? சாப்பிடும்போது அவர் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டில் டப்பாவைத் திறப்பார்கள்.

மகள் வாலிபால் அணிக்குத் தலைவியான நாளிலிருந்து இந்தக் குரல் முழுவதும் விளையாட்டு அரங்கத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நகரு, குனி, குதி, பின்னால் போ, முன்னால் வா என்று கேலரியிலிருந்தே ஆறு பெண்களையும் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குத் துணையாக இருப்பது என்றால் இதுதான் என்று அவர் மனதார நம்பினார்.

அரையிறுதியில் வினை முற்றியது. பந்து நடுக்கோர்ட்டில் உயர எழும்பியது. மூன்று பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அது யாருடைய பந்து என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அறிவிப்பாளர் "எடு" என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னார். மூன்று பேரும் எடுக்கப் போனார்கள். மூன்று மண்டையும் மோதிக்கொண்டன. பந்து நடுவில் பத்திரமாக இறங்கியது. பார்வையாளர் ஒருவர் பழக்கதோஷத்தில் பஸ் வந்துவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார்.

எப்படியோ அந்த ஆட்டத்தை ஜெயித்தார்கள். மறுநாளே போட்டிக் குழு ஒரு தாள் அச்சடித்து எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கியது. பெற்றோர் கைதட்டலாம். தண்ணீர் கொண்டுவரலாம். தோற்றால் திட்டாமல் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். ஆட்டத்தில் தலையிட்டால் அவர்கள் பிள்ளை ஆடும் அணி ஓராண்டுக்கு விலக்கப்படும். தாள் பொதுவானதுதான். ஆனால் அதை அறிவிப்பாளரிடம் நீட்டியபோது மட்டும் இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள்.

"ஜெயிச்சா நாங்க தேசியப் போட்டிக்குப் போறோம்ப்பா," என்றாள் மகள், இரண்டாவது லேஸுக்கு வந்தபடி. "நீங்க ஒரு வார்த்தை கத்தினாலும் ஒரு வருஷம் போச்சு. எனக்கு மட்டும் இல்ல, பன்னெண்டு பேருக்கும்."

அறிவிப்பாளர் வரமாட்டேன் என்று சத்தியம் செய்தார். மனைவி தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு மகளோடு கிளம்பினாள். துவைத்த துணியெல்லாம் கிடக்கிறது, மடித்து வையுங்கள், கை வேலையாக இருந்தால் வாய் சும்மா இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறு சட்டை மடித்தார். ஏழாவதாக மகளின் பழைய ஆட்டச் சட்டை கைக்கு வந்தது. முதுகில் ஏழு என்று போட்டிருந்தது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

மகள் பயப்படுவது எதற்கு? குரலுக்கு. குரல் வராவிட்டால் ஆள் வருவதில் என்ன தப்பு? இந்த நியாயம் அவருக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. நான்கு இருமல் மிட்டாய்களை மொத்தமாக வாயில் போட்டுக்கொண்டார். மூக்கோடு சேர்த்து மாஸ்க் மாட்டினார். தொப்பியை நெற்றிக்கு இறக்கினார். அரங்கத்துக்குப் போய், மனைவியின் கண்ணில் படாமல் எதிரணிக்காரர்கள் பக்கத்தில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

முதல் செட் போய்விட்டது. அறிவிப்பாளர் மிட்டாயைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். இரண்டாவது செட்டில் மகள் இரண்டு பேர் கைக்கு மேலே எழும்பி ஒரு ஸ்மாஷ் அடித்தாள். அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்க அவர் என்ன கல்லா? மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டார். கத்தப் போன கடைசி நொடியில் நினைவு வந்து சத்தத்தை விழுங்கிவிட்டார். மிட்டாயை விழுங்க முடியவில்லை. நான்கும் வெளியே பறந்து முன்வரிசை வழுக்கைத் தலை ஒன்றில் இறங்கின.

வழுக்கைத் தலைக்காரர் எழுந்து திரும்பினார். எதிரணிப் பெண் ஒருத்தியின் பெரியப்பா அவர்.

"என்னய்யா இது? மனுஷன் உட்கார்ந்திருக்கறது தெரியல?"

வாயைத் திறந்தால் அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். அறிவிப்பாளர் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, கையைக் கூப்பி, தொண்டையைத் தொட்டுக் காட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

பெரியப்பாவின் முகம் அப்படியே மாறிப்போயிற்று. இந்த மனிதருக்குப் பேச்சு வராது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். தான் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். தூணுக்குப் பின்னால் இவருக்கு என்ன தெரியும் என்று வருந்தினார். கையைப் பிடித்து இழுத்து, நாலு பேரை எழுப்பி நகர்த்தி, முன்வரிசையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டார். ஒளிந்துகொள்ள வந்தவர் இப்போது கோர்ட்டுக்கு இரண்டு அடி தூரத்தில், பெரிய விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

அந்த செட்டை முடித்த ஸ்மாஷும் மகளுடையதுதான். பந்து கோட்டுக்குள் விழுந்து எகிறி, மூலையில் நின்ற லைன் நடுவரின் மூக்கில் போய் நின்றது. ரத்தம். ஐஸ் கட்டி, பஞ்சு என்று அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். செட் கணக்கு ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது செட்டில் எல்லாம் முடிவாக வேண்டும், கொடி பிடிக்க ஆளில்லை.

போட்டிச் செயலாளர் கொடியோடு முன்வரிசைக்கு வந்தார். யாருக்காவது லைன் பார்க்கத் தெரியுமா என்று கேட்டார். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

"இவர் இருக்காரே," என்றார் பெரியப்பா. "பாவம், பேச்சு வராது. லைன் பார்க்கறதுக்குப் பேச்சு எதுக்குங்க? உள்ள விழுந்தா கொடியக் கீழ காட்டணும், வெளிய விழுந்தா மேல தூக்கணும். அவ்வளவுதானே?"

அறிவிப்பாளர் தலையை ஆட்டினார். இரண்டு கைகளையும் ஆட்டினார். காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆட்டினார்.

"அடக்கத்தப் பாருங்க," என்றார் பெரியப்பா.

செயலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு நடுவரிடம் போனார். இரண்டு பயிற்சியாளர்களும் அணித் தலைவிகளும் கூடி ஏதோ பேசினார்கள். நிச்சயம் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று அறிவிப்பாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். செயலாளர் திரும்பி வந்து கொடியை அவர் கையில் திணித்தார்.

பேசினால் அணிக்கு ஓராண்டுத் தடை. பேசாமல் கோர்ட்டில் போய் நின்றால் அதைவிடப் பெரிய தலையீடு வேறு என்ன இருக்கிறது? ஓடிவிடலாம் என்று பார்த்தார். பெரியப்பா முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிட்டார்.

மகள் சர்வீஸ் போட அவர் நின்ற மூலைக்கே வந்தாள். கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவரை ஒரு தூணைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, பந்தைத் தட்டத் தொடங்கினாள். மாஸ்க் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பிறகுதான் அவருக்கு அது கேட்டது.

மகள் பேசிக்கொண்டிருந்தாள். ஆட்டம் முழுக்க, விடாமல், சின்னக் குரலில். "நான் எடுக்கறேன்." "உனக்கு நேரம் இருக்கு." "இடது பக்கம் அவ ரெடி." அணியில் எல்லோரையும்விடச் சின்னப் பெண் ஒருத்தி சர்வீஸை வலையில் அடித்துவிட்டு அழப் பார்த்தாள். மகள் இடத்தில் அறிவிப்பாளர் இருந்திருந்தால் அந்த நேரத்துக்கு மூன்று அறிவுரை கைவசம் வைத்திருப்பார். மகள் அவளருகே போய், "பரவால்ல, அடுத்தது நம்மளுது," என்று மட்டும் சொன்னாள். அடுத்தது அவர்களுடையதாகத்தான் இருந்தது.

இரண்டு வருடமாக ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தவர் அவர். தன் சத்தத்தில் அவள் குரலை ஒரு நாளும் கேட்டதில்லை. இத்தனை பெரிய பெண்ணையா நான் கேலரியிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது, மார்பு விரிந்து சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போலவும் இருந்தது.

எட்டுப் புள்ளியில் பக்கம் மாறினார்கள். இப்போது அவர் பக்கம் எதிரணி. அதாவது, மகள் அடிக்கிற பந்தெல்லாம் அவர் காலடிக்குத்தான் வரும்.

பதினான்குக்குப் பதின்மூன்று. இன்னும் ஒரே புள்ளி. பந்து மகளுக்கு உயர்த்திக் கொடுக்கப்பட்டது. எழும்பினாள். அடித்தாள். தடுக்க எழுந்த கைகள் எதிலும் படாமல் பந்து நேராக வந்து, அவர் ஷூவுக்குப் பக்கத்தில் விழுந்தது.

கோட்டுக்கு வெளியே. இரண்டு விரற்கடை.

எதிரணிப் பெண்கள் குறுக்கே நின்றதால் நடுவருக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்தது உலகத்திலேயே அறிவிப்பாளர் ஒருவர்தான். நடுவர், இரண்டு அணிகள், கேலரி, பெரியப்பா எல்லோரும் கொடியையே பார்த்தார்கள். கொடியைக் கீழே காட்டினால் போதும், மகள் தேசியப் போட்டிக்குப் போவாள். அவள் ஆசைப்பட்டது, காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடியது, முழங்காலைத் தேய்த்துக்கொண்டது எல்லாம் கைகூடிவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் வராத வண்டியை வந்துவிட்டது என்று அவர் ஒரு முறைகூட அறிவித்ததில்லை. அந்தப் பாழாய்ப்போன பழக்கம் இப்போதுதானா குறுக்கே வந்து நிற்க வேண்டும்?

கொடி மேலே போயிற்று.

பதினான்குக்குப் பதினான்கு. அடுத்த இரண்டு புள்ளியும் எதிரணிக்கு. ஆட்டம் முடிந்தது.

மகள் ஒரு நொடி இடுப்பில் கைவைத்துத் தரையைப் பார்த்தாள். பிறகு தன் அணியைக் கூட்டிக்கொண்டு வலையருகே போய், எதிரணிப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் முகத்தைப் பார்த்துக் கைகொடுத்தாள். அழுத சின்னப் பெண்ணைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். தோற்றவள் என்று சொல்லி அவளைக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். அறிவிப்பாளரின் மாஸ்க் நனைந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது.

நழுவிவிடலாம் என்று திரும்பினார். செயலாளர் ஸ்கோர் தாளோடு எதிரே நின்றார். லைன் நடுவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். பக்கத்தில், ஜெயித்த அணியின் பெண் பயிற்சியாளரும் வந்து நின்றார். பெரியப்பாவும் தன் கண்டுபிடிப்பைப் பாராட்டக் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

அறிவிப்பாளர் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட மனசு வரவில்லை. மாஸ்க்கைக் கழற்றினார்.

"நான் பேசுவேங்க," என்றார்.

அரங்கம் முழுக்கத் திரும்பியது. பெரியப்பா பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அந்த ஏழாம் நம்பர் என் பொண்ணு. வர வேணாம்னு சொன்னா, நான்தான் திருட்டுத்தனமா வந்தேன். தப்பு முழுக்க என்னோடது. பிள்ளைங்களுக்கு இது எதுவுமே தெரியாது. தடை போடறதா இருந்தா என் ஆயுசுக்கும் எனக்குப் போடுங்க. அவங்களுக்குப் போட்டுடாதீங்க."

குரலை எவ்வளவோ அடக்கித்தான் சொன்னார். தூரத்தில் மனைவியின் கையிலிருந்து தண்ணீர்ப் பாட்டில் நழுவியது. செயலாளர் அந்தப் பயிற்சியாளரைப் பார்த்தார். அந்த அம்மா பேனாவை அறிவிப்பாளரின் விரல்களுக்கிடையே சரியாக வைத்துக் கொடுத்தார்.

"தெரியும் சார், கையெழுத்துப் போடுங்க. 'அந்த மாஸ்க் போட்டவர் எங்கப்பா, அவரையே நிறுத்துங்க, எனக்காகக்கூடத் தப்பாக் கொடி காட்ட மாட்டார்'னு உங்க பொண்ணு சொன்னதுக்கு அப்புறம்தானே நாங்க சரின்னோம்."