கூட ஒரு அங்குலம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் மாமா, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். ஊர் ஊராகப் போய் வகுப்பு நடத்தி மற்றவர்களுக்கு யோசனை சொல்கிற உனக்கும் ஒரு குறையும் இருக்காது. அந்த யோசனையைக் கேட்டு நடந்தவர்களின் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் அலமாரிப் பட்டறையின் நிலைமையைப் போனில் சொல்லியிருந்தேன். மாணவர் விடுதி ஒன்றுக்கு, அறைச் சுவரில் விட்டிருக்கும் இடத்துக்குள் தள்ளி நிறுத்துகிற மாதிரி மர அலமாரிகள் செய்து அனுப்பினோம். கதவை மூடிய பிறகும் ஓரத்தில் சந்து இருக்கிறது, உள்ளே தொங்கும் சட்டை வெளியே எட்டிப் பார்க்கிறது என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை திரும்பி வந்தா இந்த வேலைய வெளியாளுங்ககிட்ட குடுத்துருவாங்கம்மா. அப்புறம் நீங்க, உங்க ஆளுங்க எல்லாரும் வீட்டுக்குத்தான்" என்றார். மேற்பார்வைப் பொறுப்பு என் கைக்கு வந்த சூடுகூட ஆறவில்லை, அதற்குள் இப்படி. கீழே வந்து விசாரித்தால், அலமாரியின் பெட்டியை அடிக்கிற பெரிய தச்சர் "எங்க பெட்டி சரி" என்கிறார். கதவு செய்கிற கதவம்மா "எங்க கதவு சரி" என்கிறார். இரண்டையும் கீல் போட்டு இணைக்கிறவருக்கு, வாய் ஓயாமல் பேசுவதால், மௌனி என்று பெயர். அவர் கீலின் பூர்வ சரித்திரத்தையே சொல்லி முடித்து, "ஆக, கீலும் சரி" என்றார். எல்லாம் சரியாக இருக்கும்போது சட்டை மட்டும் ஏன் தெரிகிறது என்று புரியாமல் எனக்குத் தலை சுற்றியது.

அப்போதுதான் புத்தி கெட்டுப்போய் உன்னைக் கேட்டேன். "அக்கா, எல்லாரையும் வட்டமா உக்கார வை. யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. அடுத்தவங்க கஷ்டத்த நினைச்சுப் பார்க்கச் சொல்லு. அப்புறம் பாரு" என்றாய். பார்த்தேன்டா, நன்றாகவே பார்த்தேன். வட்டமாக உட்கார்ந்தார்கள். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்கள், போகப் போக உருகிவிட்டார்கள். பெரிய தச்சர் கதவம்மாவைப் பார்த்து, "நாள் பூரா இழைச்சு இழைச்சு உங்க கை என்னாகும், பாவம்" என்றார். கதவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மௌனிகூடக் கீல் கதையைப் பாதியில் விட்டு, அவரிடம் தன் துண்டை நீட்டினார். அதன் பிறகு வாசலில் "நீங்க முதல்ல போங்க", "இல்ல நீங்க போங்க" என்று ஒருவருக்கொருவர் வழி விட்டதில் யாரும் உள்ளே போகவில்லை, டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

மறுபடி அலமாரி தயாராகி, மேனேஜர் பார்க்க வந்தார். "வாங்குறவன் இப்படித்தானே வைப்பான்" என்று தன் பையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். முழுசாகச் சாத்தவில்லை. தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் திறக்கவில்லை. அவருடைய மத்தியானச் சாப்பாடு, வீட்டுச் சாவி, மூக்குக்கண்ணாடி எல்லாம் உள்ளே. பெரிய தச்சர் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, கதவம்மா கதவை இழுக்க, மௌனி எட்டாத கீலை எட்டிக் கழற்றப் பார்க்க, நான் நடுவில் நின்று கத்த, உன் வட்டம் அங்கேயே கலைந்துபோயிற்று.

"கதவ ஏன் இவ்வளவு அகலமா வச்சீங்க?" என்றார் பெரிய தச்சர்.

"சந்து விழுதுன்னு நீங்க தவிக்கிறீங்களேன்னுதான் கொஞ்சம் கூட வச்சேன். நீங்க ஏன் பெட்டியச் சின்னதாக்கினீங்க?"

"கதவு சின்னதா வந்தா நீங்க திட்டு வாங்குவீங்களேன்னுதான்."

"நானும் உங்க ரெண்டு பேரையும் நினைச்சு கீல உள்ள தள்ளி வச்சேன்" என்றார் மௌனி.

"இத ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "குறை சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் கதவம்மா.

அப்புறம் பிடித்துக்கொண்டது பார், ஒரு சண்டை! அந்தச் சண்டையில்தான் உண்மை வெளியே வந்தது. பெரிய தச்சருடைய அளவு டேப்பில் முன்பக்கம் ஒரு அங்குலம் எப்போதோ உடைந்து போய், அது ஒன்று என்ற எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. அவருக்கு அது தெரியும். மனசுக்குள் ஒன்று கூட்டிக்கொண்டுதான் அளப்பார். தன் டேப்பைத் தொலைத்துவிட்ட கதவம்மா அவருடையதை இரவல் வாங்கி, அதில் தெரிகிற எண்ணையே நம்பி அறுத்திருக்கிறார். அதனால்தான் கதவு குறைந்து, சட்டை தெரிந்தது. முதல் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய டேப்பு, தூக்கிப் போட மனசு வரவில்லை என்றார் பெரிய தச்சர். யாரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மூன்று பிரிவுக்கும் இனி அந்த ஒரே டேப்புதான், அளக்கும்போது எல்லோரும் "கூட ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து பட்டறை முழுக்க "கூட ஒண்ணு, கூட ஒண்ணு" என்றுதான் கேட்கிறது. புது அலமாரிகளின் கதவுகள் ஒரு விரலால் தொட்டால் மூடுகின்றன. லாரியில் ஏற்றும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

ஆகவே தம்பி, இங்கே வந்து பேசுகிறேன் என்று நீ சொன்னாயே, அதற்கு அவசியமில்லை. மனசில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதை நாங்கள் கற்றுக்கொண்டுவிட்டோம், வேண்டுமானால் நீ வந்து எங்களிடம் கற்றுக்கொள்ளலாம். வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் வகுப்பில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு என் அனுதாபத்தைச் சொல். நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு, உன்மேல் கோபமில்லாத,
அக்கா

பி.கு.: தபாலில் போடுவதற்குள் விடுதியிலிருந்து போன் வந்தது. கதவுகள் அருமையாம். அலமாரிதான் சுவரில் விட்ட இடத்துக்குள் நுழையவில்லையாம், ஒன்றுகூட. அந்த உடைந்த டேப்பைப் பார்க்கப் பொறுக்காமல், அதே மாதிரி முழு டேப்பு ஒன்றை வாங்கி, பெரிய தச்சர் மனசு நோகாமலிருக்க மரத்தூளைப் பூசிப் பழசாக்கி, புது வேலை தொடங்கும் முன்பே யாரிடமும் சொல்லாமல் மாற்றி வைத்தது நான்தான். பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவர்களோ "கூட ஒண்ணு" சொல்வதிலேயே கவனமாக இருந்து, பெட்டி, கதவு எல்லாவற்றையும் மிக ஒற்றுமையாக ஒரு அங்குலம் பெரிதாகச் செய்திருக்கிறார்கள். மேனேஜருக்கு இன்னும் தெரியாது. காலையில் எல்லோரிடமும் நானே சொல்லப்போகிறேன். வர வேண்டாம் என்று எழுதியதை மறந்துவிட்டு உடனே கிளம்பி வாடா. நீ ஒன்றும் பேச வேண்டாம். எல்லாவற்றையும் பிரித்து அறுக்க வேண்டியிருக்கும், பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டால் போதும்.