பாரம்பரியப் பேட்டையில் ஒரு கழிவறை விண்ணப்பம்

"கக்கூஸ் எங்க இருக்கு? முதல்ல அதைக் காட்டுங்க."

மனிதகுல வரலாற்றில் எத்தனையோ முழக்கங்கள் எழுந்திருக்கின்றன. அரியணைகள் ஆடியிருக்கின்றன, கோட்டைக் கதவுகள் பிளந்திருக்கின்றன. ஆனால் நகரத்தின் பாரம்பரியப் பேட்டையில், நூற்றிருபது வயதான ஒரு வீட்டின் முன்கூடத்தில் நின்றுகொண்டு ஓர் இளம்பெண் கேட்ட இந்தக் கேள்விக்கு முன்னால் அவையெல்லாம் வெறும் தும்மல். தரகரின் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்துவிட்டது.

பாவம், அவர் காரில் வரும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "கூரையைப் பத்திக் கேளுங்க. தேக்கைப் பத்திக் கேளுங்க. சுவர் எத்தனை அங்குலம்னு கேளுங்க. அதை மட்டும் கேட்டுடாதீங்க மேடம். இந்தப் பேட்டையில வீடு வாங்குறவங்க யாரும் அதைக் கேக்கிறதில்லை. கேட்டா உங்களுக்கு ரசனை இல்லைன்னு முடிவு பண்ணிடுவாங்க."

"ரசனை இருக்கிறவங்க எல்லாம் எங்க போவாங்க?"

"அதெல்லாம் பேசுறதில்லை மேடம்."

சொன்னதைக் கேட்கும் சுபாவம் அவளுக்கு இல்லை. அவள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. வேலை, நீர்ப் பரிசோதனைக் கூடத்தில். ஒரு நாளைக்கு நாற்பது பாட்டில்களைச் சோதித்து, பாதிக்கு மேல் 'குடிக்கத் தகுதியற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள். நாக்கும் அதே பழக்கத்துக்கு வந்துவிட்டது.

தரகர் சாவியைப் பொறுக்கிக்கொண்டு பேச்சை மாற்றினார். "ஜன்னல் வழியா அந்தத் தெருவைப் பாருங்க மேடம். எப்பேர்ப்பட்ட தெரு!"

உண்மையிலேயே எப்பேர்ப்பட்ட தெரு! அங்கே எல்லாமே 'மூல நிலை'யில் இருக்க வேண்டும் என்பது பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் ஆணை. மூல நிலை என்றால் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இருந்தது போல. எதிர்வீட்டு வாசலில் ஒருவர் ஏணியில் நின்றுகொண்டு, நேற்றுப் பூசிய சுவரில் மெல்லிய தூரிகையால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

கூட வந்திருந்த அவள் அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, நல்ல சுவத்துல கிறுக்குற?"

"கிறுக்கல் இல்லைம்மா, விரிசல். போன வாரம் போட்டது ரொம்ப நேரா இருக்குன்னு கமிட்டி திருப்பிட்டாங்க. இது ரெண்டாவது தடவை."

"தானா விழாதா?"

"அதுக்குள்ள ஆய்வு வந்துடுமே!"

இப்படிப்பட்ட பொறுப்புணர்ச்சி வேறு எந்தத் தெருவில் உண்டு?

"தரகரே, நான் கேட்டது..." என்று மகள் மறுபடி ஆரம்பித்தாள்.

"அவரை ஏண்டி படுத்துற?" என்றாள் அம்மா. "அது இங்க இல்லை. பின்முற்றத்தைத் தாண்டி பதினாலு படி இறங்கணும். வலது கைப்பக்கம் தகரக் கதவு. ஒன்பதாவது படி ஆடும், பார்த்துக் கால் வைக்கணும்."

தரகர் வாயைப் பிளந்தார். "அம்மா முன்னாடியே வந்து பார்த்துட்டீங்களா?"

"பார்த்தேனாவா? பதினோரு வருஷம் கழுவினேன்."

தரகர் தொழிலில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர். எந்த வீட்டையும் விற்றுவிடுவார். இதற்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று கைகுவித்து வணங்கிவிட்டார்.

அம்மா அந்தத் தெருவில் ஏழு வீடுகளுக்குக் கழிவறை கழுவியவள். பின்சந்து வழியாக வருவாள், பின்சந்து வழியாகப் போவாள். இரண்டு கையிலும் வாளியோடு அந்தப் படிகளில் ஏறி இறங்கியதில் இரண்டு முட்டியும் தேய்ந்துபோயின. இனிமேல் படியே ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முன்கூடத்தின் நடுவில் நின்று அவள் இப்போது உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பெருசா இது! பதினோரு வருஷமா இந்த வீட்டோட முதுகைத்தான் பார்த்திருக்கேன்."

மகளுக்கு அந்த வீடுதான் வேண்டும். ஏன் என்று விளக்கத் தேவையில்லை. அம்மா இந்த முன்கூடத்தில் காலை நீட்டி உட்கார வேண்டும், அவ்வளவுதான். கீழ்த்தளப் படுக்கையறையை ஒட்டிப் பழைய சாமான் போடும் அறை ஒன்று இருந்தது. டேப்பை இழுத்து அளந்தாள். ஆறடிக்கு நாலடி. அதில் ஒரு கழிவறை கட்ட அனுமதி கிடைத்தால் வீட்டை வாங்குவாள். கிடைக்காவிட்டால் அம்மா அங்கே ஒரு நாள்கூட இருக்க முடியாது.

"குழுகிட்ட விண்ணப்பம் போடணும்," என்றார் தரகர், உயில் எழுதச் சொல்கிற குரலில்.

விண்ணப்பத்தில் முப்பத்தொரு கேள்விகள். பத்தொன்பதாவது: 'தங்கள் குடும்பத்துக்கும் இப்பேட்டைக்கும் உள்ள வரலாற்றுத் தொடர்பு'. "நீண்ட காலத் தொடர்பு உண்டுன்னு மட்டும் எழுதுங்க, கௌரவமா இருக்கும்," என்று தரகர் யோசனை சொன்னார். அவள் எழுதினாள்: 'என் அம்மா இத்தெருவில் ஏழு வீடுகளின் கழிவறைகளைப் பதினோரு ஆண்டுகள் கழுவினார். விண்ணப்பத்தில் உள்ள வீடு அவற்றில் நான்காவது.'

குழு அம்மாவையும் மகளையும் அழைத்தது.

குழுவின் அலுவலகம் பேட்டையின் நடுவே, குளிரூட்டப்பட்ட அறையில் இருந்தது. கூரையில் மூல நிலையைச் சேர்ந்த மின்விசிறி ஒன்று தொங்கியது. அது சுற்றக் கூடாது என்பது தீர்மானம். மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். தலைவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். சொத்தையை அடைத்துப் பழைய பல்லைக் காப்பாற்றியவர் என்பதால் பழைய வீடுகளும் அவரை நம்பி ஒப்படைக்கப்பட்டிருந்தன. அவருக்கு வலப்புறம் கட்டடக்கலை நிபுணர், இடப்புறம் செயலாளர். மற்ற இருவர் தலையாட்டுவதற்கு. அவர்கள் அதில் குறை வைக்கவில்லை.

"உங்க விண்ணப்பத்தைப் படிச்சு நாங்க அஞ்சு பேருமே நெகிழ்ந்துட்டோம்," என்றார் தலைவர். இருவர் தலையாட்டினார்கள்.

"அப்ப அனுமதி?"

நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த அறை மூல வரைபடத்துல சாமான் அறை. அங்க கழிவறை வந்தா கட்டடத்தோட ஆன்மா பாதிக்கும்."

"எங்கம்மாவுக்கு முட்டி பாதிச்சிருக்கு."

"செயலாளர், முட்டிக்கு ஏதாவது இருக்கா?"

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மனிதர் அவசரப்படவில்லை, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "அட்டவணை மூணுல கூரை, கதவு, ஜன்னல், படிக்கட்டுக் கைப்பிடி இருக்கு. முட்டி இல்லைங்க."

"ஐயா, உங்க வீட்ல எப்படி?" என்றாள் மகள் தலைவரிடம்.

"நான் இந்தப் பேட்டையில இல்லைம்மா. ஆத்துக்கு அந்தப் பக்கம் புது அடுக்குமாடி. நாங்க அஞ்சு பேருமே அங்கதான். இங்க குடியிருந்தா சொந்த வசதிக்காக விதியை வளைக்கிறோம்னு பேச்சு வந்துடும் பாருங்க."

"அங்க எத்தனை கழிவறை?"

"மூணு," என்றார் தலைவர், தியாகிகளுக்கே உரிய அடக்கத்தோடு.

பிறகு அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். குழுவின் பெருமை எல்லாம் இனிமேல்தான் வெளிப்பட்டது. "ஆனா நாங்க ஒண்ணும் கல் நெஞ்சக்காரங்க இல்லை. சிறப்புப் பிரிவு ஒண்ணு வச்சிருக்கோம். 'வாழும் பாரம்பரியம்'. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வெளியூர்க்காரங்க வீடுகளைச் சுத்திப் பார்க்க வருவாங்க. அம்மா அன்னைக்கு மட்டும் பின்சந்து வழியா வாளியோட வந்து, படி இறங்கி, அந்தப் பழைய இடத்தைக் கழுவிக் காட்டணும். அவ்வளவுதான். பதிலுக்கு அந்தச் சாமான் அறைக்கு அனுமதி தரோம். வெளியில இருந்து பார்த்தா அலமாரி மாதிரி தெரியணும், அது ஒண்ணுதான் நிபந்தனை."

"வாளி குழுவே கொடுக்கும்," என்றார் செயலாளர். "பித்தளை வாளி."

அம்மா முதல் முறையாக வாயைத் திறந்தாள். "நான் வச்சிருந்தது பிளாஸ்டிக் வாளிங்க. பச்சைக் கலர்."

நிபுணர் வேதனையோடு தலையசைத்தார். "பிளாஸ்டிக் அந்தக் காலத்துக்குப் பொருந்தாதும்மா. நீங்க பயன்படுத்தினதே தப்பு."

"தெரியாம செஞ்சுட்டேங்க," என்றாள் அம்மா.

மகள் பல்லைக் கடித்தாள். பல் மருத்துவர் அதைக் கவனிக்கவில்லை. "எத்தனை தடவை இறங்கணும்?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு தடவை போதும். படம் சரியா வரலைன்னா மூணு."

"மருத்துவர் படியே கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"நிதானமா இறங்கட்டும். வலியோட இறங்கினா பார்க்கிறவங்களுக்கு இன்னும் உண்மையா இருக்கும்." இருவர் தலையாட்டினார்கள்.

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். இவள் ஆசைப்பட்ட வீடு, தன்னால் கைநழுவிப் போகிறதே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "செய்யறேன் ஐயா," என்றாள். "செஞ்ச வேலைதானே."

"அம்மா!"

"சும்மா இருடி. வாரத்துல ஒரு நாள்தானே." பிறகு தலைவரிடம் திரும்பினாள். "ஒரு சந்தேகம் கேட்கலாங்களா? அப்போ எங்களுக்கு அந்தக் கக்கூஸைக் கழுவத்தான் அனுமதி, போறதுக்கு இல்லை. ஏழு வீட்லயும் அதுதான் சட்டம். காலையில வந்தா சாயந்திரம் எங்க வீட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்கிட்டுதான் இருப்போம். தண்ணிகூடக் குடிக்க மாட்டோம். ஞாயித்துக்கிழமை நான் அதையும் அதே மாதிரி செய்யணுமா, இல்லை அவசரம்னா போய்க்கலாமா?"

மகளுக்கு இது தெரியாது. இத்தனை வருஷமாக அம்மா இதை அவளிடம் சொன்னதில்லை.

இந்த இடத்தில் வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் தலைகுனிந்து, மன்னிப்புக் கேட்டு, விஷயத்தைக் கெடுத்திருக்கும். இந்தக் குழு அப்படிப்பட்ட உணர்ச்சிகளுக்கு இடம் கொடுக்கவில்லை. நிபுணர் கண்களை மூடி ஆழ்ந்து யோசித்தார்.

"மூல நிலைன்னு பார்த்தா..." என்று இழுத்தார்.

மகள் பேனாவின் மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்தாள்.

"ரெண்டு மணி நேரம்தானே," என்று தலைவர் சமாதானம் சொன்னார். "காலையில வீட்லயே முடிச்சுட்டு வந்துட்டா பிரச்சினை இல்லை." செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார். இருவர் தலையாட்டினார்கள்.

"அம்மா, எழுந்திரு."

"ஏண்டி, உனக்கு வீடு..."

"வேண்டாம். எழுந்திரு, என் தோளைப் பிடிச்சுக்க."

"எங்கம்மா போறீங்க?" என்றார் தலைவர். "தீர்மானம் இன்னும் நிறைவேறலையே! குழு உங்களுக்குச் சாதகமாத்தான் யோசிக்குது."

"நல்லா யோசிங்க. உங்க அஞ்சு பேர் வீட்லயும் கழுவ யார் வராங்க, அவங்க எங்க போறாங்கன்னும் சேர்த்து யோசிங்க."

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் பழக்கதோஷத்தில் விதிப் புத்தகத்தைத் திறந்தார்.

குழுவை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தப் பேட்டையில் ஓடு உடைகிறது, உத்தரம் உளுக்கிறது, விரிசலைக்கூட ஆள் வைத்து வரைய வேண்டியிருக்கிறது. யார் கழுவ வேண்டும், யார் அடக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் கட்டிய நாளிலிருந்து ஒரு கீறல் விழாமல் அப்படியே நிற்கிறது. அதைக் காப்பாற்றிய ஐவரையும் குளிர்ந்த அறையில் உட்கார வைத்துவிட்டு, அம்மாவைத் தோளில் தாங்கியபடி அவள் வெளியே நடந்தாள்.