குறுக்கே நின்றால் நிற்கும் கார்

கிராமக் குழாய்கள் கண்காணிப்பு ஆணையத்தின் திருச்செங்கோடு மண்டல இணை இயக்குநர் திரு. சந்திரசேகர் அவர்களுக்கு, பொதுநலனை முன்னிட்டு ஒரு சொகுசு கார் தேவைப்பட்டது. குழாய்களைக் கண்காணிக்க ஊர் ஊராகப் போக வேண்டும். ஊர்களுக்குச் சரியான சாலை இல்லை. சாலை வேறு துறையைச் சேர்ந்தது. ஆகவே கார் வாங்குவதைத் தவிர அரசுக்கு வேறு வழி இருக்கவில்லை.

சேலம் ஷோரூமில் விற்பனையாளர் மோகன்குமார் விளக்கினார்.

"இதுல ரெண்டு வகை இருக்குங்க சார். பின் சக்கரம் ரெண்டு மட்டும் தள்றது ஒண்ணு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிறது இன்னொண்ணு."

"நாலும் ஒரே நேரத்துல வேலை செய்யுமா?"

"ஆமாங்க."

"எங்க ஆபீஸ்ல அப்படி நான் பார்த்ததே இல்லை. அதையே குடுங்க."

பேட்டரியில் ஓடும்போது சத்தமே வராது என்றதும் இணை இயக்குநர் நெகிழ்ந்தே போனார். பழைய ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டுத்தான் மனுக்காரர்கள் வாசலுக்கு ஓடிவருவார்கள்.

"குறுக்க ஆள் வந்தா தானா நின்னுக்குமுங்க," என்று மோகன்குமார் கடைசியாகச் சொன்னது மட்டும் அவர் காதில் விழவில்லை. அப்போது இருக்கை அவர் முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது.

கார் வந்த முதல் நாள், அலுவலக கேட்டருகே ராமாயி காலிக் குடத்தோடு குறுக்கே வந்து நின்றார். அவர் தெருக்குழாய் பொங்கலுக்கு முன்பே நின்றுவிட்டது. தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்து நடந்து முட்டி தேய்ந்திருந்தது. அந்த அலுவலகத்தில் அவர் மனு கொடுக்காத மேசை கிடையாது.

கார் நின்றது. டிரைவர் சின்னுசாமி மிதித்துப் பார்த்தார். நகரவில்லை. திரையில் எழுத்து ஒளிர்ந்தது: 'முன்னால் ஒரு மனிதர் இருக்கிறார்.'

இந்த உண்மையை அந்த அலுவலகம் அதுவரை எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டதில்லை.

"பின்னால எடுய்யா!"

"எடுத்தேனுங்க சார். பின்னால மாடு நிக்குது. அதுக்கும் மரியாதை குடுக்குதுங்க."

வேறு வழியின்றி இணை இயக்குநர் கண்ணாடியை இறக்கினார்.

"என்னம்மா வேணும்?"

இத்தனை மாதத்தில் யாரும் ராமாயியை இப்படிக் கேட்டதில்லை.

"தண்ணிங்க சாமி."

"சரி, பார்க்கிறேன். நகரும்மா."

"பாக்கறேன்னு சொன்னவீங்க எல்லாரும் போயே போயிட்டாங்க. நானும் கூடவே வாரேனுங்க."

குடத்தோடு பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். அடுத்த நொடி அலறினார்.

"ஐயோ, ஆரோ முதுகைத் தொடறாங்க!"

"சீட்டுங்கம்மா," என்றார் சின்னுசாமி.

சற்று நேரத்தில் ராமாயி கண்ணை மூடிக்கொண்டார். "இன்னுங் கொஞ்சம் மேலங்க," என்று இருக்கையிடம் கேட்டுக்கொண்டார்.

காரைவிட வேகமாகச் செய்தி போனது. முதல் ஊரில் பட்டா கேட்டு ஒருவர் நின்றார். அடுத்த ஊரில் தெருவிளக்கு கேட்டு ஒரு கூட்டமே நின்றது. "அது எங்க துறை இல்லை," என்றார் இணை இயக்குநர். எது எந்தத் துறை என்று காருக்குத் தெரியவில்லை, எல்லோருக்கும் நின்றது. ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தபோது, பழக்கதோஷத்தில் அவர் அதனிடமும் மனுவுக்குக் கை நீட்டினார்.

ராமாயியின் ஊர் எல்லையில் பொன்னன் நின்றார். ராமாயிக்கு அடுத்த தெருக்காரர். அந்தத் தெருக் குழாயும் அதே சமயத்தில் நின்றதுதான். உள்ளே இருப்பது யார் என்று பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அக்கா, எங்க தெருவுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க..."

திறந்த கண்ணாடி வழியாகக் காரின் குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது. ராமாயி முகம் சுளித்தார்.

"ஏனுங்க டிரைவரு, அந்த ஆரனை நல்லா அமுத்துங்க. ஆளாளுக்கு இப்படிக் குறுக்க வந்து நின்னா, நாம எப்பத்தான் போய்ச் சேர்றது?"

மனுதாரர் ஒருவரின் கருத்தை இணை இயக்குநர் முழு மனதோடு ஏற்றுக்கொண்டது, ஆணையத்தின் வரலாற்றில் அதுவே முதல்முறை.

ஆரன் அலறியது. அது ஆள் நின்றால் நிற்கிற கார் என்பதையே மறந்து, பொன்னன் பழக்கத்தில் ஒதுங்கி வழிவிட்டார்.

தண்ணீர் வராமல் இறங்க மாட்டேன் என்று ராமாயி இருக்கையைவிட்டு அசையாததால், அவர் தெருக்குழாய் அன்று சாயந்திரமே சரியானது. பொன்னன் தெருக்குழாய் தீவிரப் பரிசீலனையில் இருக்கிறது.