மானேஜரின் பிறந்த தேதி

மானேஜர் இன்னும் பிறக்கவே இல்லை என்று கம்ப்யூட்டர் சாதித்தது.

“இதோ நிக்கிறேனே, இது யாரு? என் ஆவியா?” மானேஜர் மேஜையைத் தட்டினார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண். பம்புசெட் கம்பெனியின் ஊழியர் விவரங்களைப் புது புரோகிராமுக்குள் ஏற்றுவது அவள் பொறுப்பு. அவள் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் இந்த வாரம் கையெழுத்துப் போட வேண்டியவர், இந்த இன்னும் பிறக்காத மனிதர்.

“சார், இங்க எல்லாரும் வருஷத்துல கடைசி ரெண்டு நம்பர்தான் போட்டிருக்காங்க. உங்க அறுபத்து நாலை அது ரெண்டாயிரத்து அறுபத்து நாலுன்னு எடுத்துக்கிச்சு.”

“அப்போ அதுவரைக்கும் எனக்குச் சம்பளம் கிடையாதா? சரி பண்ணு!”

எல்லார் வருடத்திலும் நூறைக் கழித்தாள். மானேஜர் பிறந்தார். ஆனால் பத்து நிமிடத்தில் ரிசப்ஷனிஸ்ட் ஓடி வந்தாள்.

“கம்ப்யூட்டரம்மா! எனக்கு நூறு வயசு தாண்டிடுச்சாம். ‘தங்கள் நீண்ட சேவைக்கு நன்றி’ன்னு மெயில் வந்திருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்த்தா என்ன ஆகும்?”

“நீ ரெண்டாயிரத்து ரெண்டுல பிறந்தவளா? கொஞ்சம் இருடி, இறக்கிடறேன்.”

வருங்காலத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் நூறைக் கழி என்று மாற்றினாள். ரிசப்ஷனிஸ்டுக்கு இளமை திரும்பியது. நிம்மதியாகத் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் மானேஜர் அறையிலிருந்து கர்ஜனை.

“காலையில பிறக்கவே இல்லன்னே. மத்தியானம் ரிட்டயர் ஆயிட்டேங்கறே! என்னைப் பார்த்தா அறுபது தாண்டின மாதிரியா இருக்கு?”

இருந்தது. சொல்ல முடியுமா?

அவள் அக்கவுண்டன்டிடம் ஓடினாள். “அண்ணே, சாரோட பிறந்த தேதி சரிதானே?”

அக்கவுண்டன்டுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. “அதை எதுக்கும்மா நோண்டறே? வேற ஏதாவது பாரேன்.”

ஒருவேளை சில பேர் மாதத்தை முன்னால் எழுதியிருப்பார்களோ? நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் பார்த்தாள். மானேஜர் ரிட்டயர் ஆனவராகவே இருந்தார். கூடுதலாக, அக்கவுண்டன்ட் இருபத்து மூன்றாம் மாதத்தில் பிறந்திருந்தார்.

“வருஷத்துக்கு இருபத்து மூணு மாசமா?” அவர் இருமலை மறந்து எட்டிப் பார்த்தார். “சம்பளமும் அத்தனை தடவை வருமா தங்கச்சி?”

அவசரமாகப் பழையபடி மாற்றினாள். அப்புறம் விரக்தியின் உச்சியில் ஒரு காரியம் செய்தாள். மானேஜர் ஒருவருக்கு மட்டும் பிறந்த தேதியையே பார்க்காதே என்று ஒரு வரி சேர்த்தாள். தேதியே இல்லாத ஆசாமியை ஊழியராகச் சேர்த்துக்கொள்ள புரோகிராமுக்கு மனம் வரவில்லை.

சாப்பிடப் போய்விட்டுத் திரும்பிய மானேஜர், அதே புரோகிராம் திறந்துவிடும் வாசல் கதவில் கார்டைத் தேய்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. சட்டையில் துடைத்துவிட்டுத் தேய்த்தார். அதே சிவப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிபன் டப்பாவும் கையுமாக நின்று, இந்தப் பக்கம் இருந்தவளைப் பார்த்த பார்வையில் நிரந்தர வேலை சுக்குநூறாகிவிட்டது.

பிறகு கோபமாக யாருக்கோ போன் செய்தபடி படியிறங்கத் தொடங்கினார்.

உடனே அவள் மேஜைப் போன் அடித்தது.

“கம்ப்யூட்டர் பார்க்கிற பொண்ணாம்மா? நான் மானேஜர் வீட்டுக்காரி. வீட்டுக்குக் கிளம்பிட்டேங்கறார்! ஓடிப் போய்க் கதவைத் திறந்து அவரை உள்ளே இழு.”

“மன்னிச்சிடுங்கம்மா, என் கணக்குல எங்கயோ தப்பு...”

“தப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. உன் வேலைக் கடுதாசியைக் கிழிச்சுப் போடுவேன்னு கத்தினார்; அதுல நான் கையெழுத்து வாங்கித் தரேன், கதவை மட்டும் திற. அவர் போன வருஷமே ரிட்டயர் ஆயிட்டார்மா. வீட்டுல வெச்சுச் சமாளிக்க முடியாம, உங்க முதலாளி கையைக் காலைப் பிடிச்சு நான்தான் திருப்பி அனுப்பிட்டிருக்கேன்!”